கூச்சக்காரர் காமிக்ஸ் வரையலாமா?

கேள்வி: நாலு பேர் முன்னால் பேசவே எனக்குக் கூச்சம். ஆனால் காமிக்ஸ் வரையும் ஆசை மட்டும் விடவில்லை. தன்னைத் தானே விளம்பரப்படுத்திக்கொள்ளத் தெரியாதவர் இந்தத் துறையில் நிற்க முடியுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாக நிற்கலாம். 1962-இல் ஸ்பைடர்மேனுக்கு உருவம் கொடுத்த ஸ்டீவ் டிட்கோ, பேட்டிகளைத் தவிர்த்தே வாழ்ந்தவர். அந்தப் பாத்திரத்துக்கு முகம் முழுக்க மூடும் முகமூடியை மாட்டியவரும் அவர்தான். முகம் தெரியாததால் தோள், விரல், முதுகின் வளைவு இவற்றைக் கொண்டே பயத்தையும் தவிப்பையும் காட்டினார். 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' காமிக்ஸ் தொடரை வரைந்த பில் வாட்டர்சனும் புகழ் வெளிச்சத்தை ஒதுக்கியவர். உச்சத்தில் இருந்தபோதே 1995-இல் நிறுத்திக்கொண்டார்.

அதிகம் பேசாதவர்கள் பிறரைக் கூர்ந்து கவனிப்பார்கள். காமிக்ஸுக்கு அதுதான் பெரிய முதல். உதாரணமாக, காமிக்ஸின் ஒரு கட்டத்தில் அம்மா, "வேலை என்ன ஆச்சு?" என்று கேட்கிறாள். அடுத்த கட்டத்தில் வசன பலூனே இல்லை. மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். பதில் வாசகருக்குப் புரிந்துவிடும். இப்படிப்பட்ட மௌனக் கட்டங்கள் உங்களைப் போன்றவர்களுக்கு நன்றாக வரும் என்று நம்புகிறேன்.

முடித்ததை வெளியே கொடுப்பதில் மட்டும் கூச்சம் வேண்டாம். முதலில் 8 பக்கக் கதை ஒன்றை முடியுங்கள். ஜெராக்ஸ் கடையில் 2 ஏ4 தாள்களில் இருபுறமும் நகலெடுத்து, மடித்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் புத்தகம் தயார். மேடை ஏறத் தேவையில்லை; நம்பிக்கையான ஒரு தோழியிடம் கொடுங்கள், போதும். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.