சைக்கிளை விட்டு இறங்கச் சொன்ன வரலாறு

கேள்வி: மகள் எஸ்.டி.பி.எம். வரலாறு எடுத்திருக்கிறாள். உலக வரலாற்றுக்கு இணையத்தில் எதை நம்பிப் படிக்கலாம்?
– வாசகி, சிம்பாங் பூலாய்

பதில்: யூடியூப்பில் பின்னணி இசை அதிகமாக இருந்தால் ஆதாரம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் சரியாக இருக்கும். விக்கிப்பீடியாவில் கட்டுரையைவிட அடிக்குறிப்புகளே முக்கியம். அங்கிருந்து மூல நூலுக்குப் போகட்டும். பழைய நூல்கள் பல இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம்.

உலக வரலாற்றை உங்கள் ஊர்ப்பக்கமிருந்தே தொடங்கலாம். பிரேசிலிலிருந்து 1876இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன ரப்பர் விதைகளின் கன்றுகள், மறு ஆண்டே கோலகங்சாருக்கு வந்தன. பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் இருப்பதும் அதே கியூவில்தான்! அதன் இணையதளத்தில் மாணவர்களுக்கென்றே மூல ஆவணங்களோடு பாடங்கள் உண்டு.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' ஒரு புதையல். பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் தமிழ் முரசும் அதில் கிடைக்கும். ரப்பர் விலைக்கும் கப்பல் தேதிக்கும் அதைத் தாராளமாக நம்பலாம். தொழிலாளர் செய்தி என்றால் எச்சரிக்கை தேவை. 1941 கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. துரைமார் படித்த ஆங்கிலப் பத்திரிகை அதற்கு எத்தனை வரி ஒதுக்கியது, முரசு எத்தனை வரி ஒதுக்கியது என்று மகளையே ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.