ஏழாண்டு இடைவெளி

‘தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்’ என்பது பழமொழி. சில செயல்களின் பலன் மிகவும் காலம் தாழ்த்தியே வரும் என்பதை இது உணர்த்துகிறது. அவ்வாறு வரும் பலனிலிருந்து பாடம் கற்பது தனி மனிதர்க்கு மட்டுமன்றி, நிறுவனங்களுக்கும் அரசுகளுக்கும் கடினமாகும். மலாயாவின் ரப்பர் வரலாறு இதற்குத் தக்க சான்று.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் மரவள்ளி பரவலாகப் பயிரிடப்பட்டது. மரவள்ளியை நட்டவர் ஓரிரு ஆண்டுகளுக்குள் கிழங்கைத் தோண்டி இலாப நட்டத்தை அறிந்துகொள்ளலாம். ரப்பரோ அப்படியன்று. கன்று நட்டபின் பால் வெட்டுவதற்கு ஆறு, ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பலர் தயங்கிய காலத்தில், மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் துணிந்தார். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர் புக்கிட் அசாஹானில் பெருந்தோட்டம் ஒன்றை உருவாக்கினார்.

மோட்டார் வாகனங்கள் பெருகியதால் ரப்பரின் தேவை உயர்ந்தது. 1910இல் இலண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பரின் விலை 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அந்த விலையைக் கண்டு எங்கும் கன்றுகள் நடப்பட்டன. அவை வளர்ந்து பால் தந்தபோது சந்தையில் ரப்பர் குவிந்தது. முதல் உலகப் போருக்குப் பின் தேவையும் குறையவே, 1921இல் விலை 1 ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது.

இதைச் சமாளிக்க 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மலாயாவும் இலங்கையும் ரப்பர் ஏற்றுமதியைக் குறைத்தன. 1925இல் விலை 4 ஷில்லிங்குக்கு மேல் உயர்ந்தது. திட்டம் வெற்றி பெற்றதாகவே தோன்றியது. ஆனால், திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், சிறுதோட்டக்காரர்கள் அந்த விலையைக் கண்டு புதிதாக நட்டுக்கொண்டிருந்தனர். அவ்வாண்டுக் கணக்கேட்டில் அக்கன்றுகளுக்கு இடமில்லை. 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. அக்கன்றுகள் பால் தரும் பருவத்தை அடைந்தபோது உலகப் பொருளாதார மந்தநிலையும் சேர்ந்துகொண்டது. 1932இல் விலை 3 பென்சுக்கும் கீழே சரிந்தது. 12 பென்ஸ் சேர்ந்ததே 1 ஷில்லிங்.

இதன் சுமை தோட்டப்புறத்தில் விழுந்தது. கூலி குறைக்கப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். எவ்வளவு நடுவது, எவ்வளவு விற்பது என்ற முடிவுகளில் அவர்களுக்குப் பங்கே இருந்ததில்லை.

ஒரே தவறு மீண்டும் நேர்ந்ததற்கு மூன்று காரணங்களைக் கூறலாம். முதலாவது, முடிவுக்கும் விளைவுக்கும் இடையில் பல ஆண்டுகள் கடக்கின்றன. அதற்குள் முடிவெடுத்தவர் பதவி மாறியிருப்பார். இரண்டாவது, இடையில் போர், மந்தநிலை போன்றவை குறுக்கிடுவதால், பழியை அவற்றின்மீது மட்டும் சுமத்திவிடுவது எளிதாகிறது. மூன்றாவது, ஆண்டறிக்கை அவ்வாண்டின் விலையையும் இலாபத்தையும் காட்டுமே தவிர, மண்ணில் வளர்ந்துகொண்டிருக்கும் விளைவைக் காட்டாது.

எனினும், பாடம் கற்கவே இயலாது என்பதில்லை. 1934இல் ஏற்பட்ட அனைத்துலக ரப்பர் உடன்படிக்கையில் டச்சுத் தீவுகளும் இணைக்கப்பட்டன. ஏற்றுமதியோடு புதிய நடவும் கட்டுப்படுத்தப்பட்டது. விளைவு தொடங்கும் இடம் சந்தையன்று, நாற்றங்காலே என்பது 12 ஆண்டுகளுக்குப் பின்னரே உணரப்பட்டது. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமோ மரங்களின் வளர்ச்சியையும் பால் அளவையும் ஆண்டுதோறும் பதிவு செய்து வந்தது. அதனால் ஆய்வைத் தொடங்கியவர் ஓய்வு பெற்றாலும், அடுத்து வந்தவர் அதைத் தொடர முடிந்தது.

கூட்டுறவுச் சங்கமாயினும், பள்ளி வாரியமாயினும், நகராண்மைக் கழகமாயினும் இம்முறையைப் பின்பற்றலாம். முடிவெடுக்கும் நாளிலேயே அதன் காரணத்தையும் எதிர்பார்க்கும் பலனையும் எழுதி வைக்க வேண்டும். ஏழாண்டு கடந்தாலும் அந்த ஏட்டைத் திறந்து, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். முடிவெடுத்தவர் அன்று இல்லாமற்போகலாம். அவர் விட்டுச்சென்ற ஏடு அடுத்த தலைமுறைக்குப் பாடம் சொல்லும்.