திருவனந்தபுரத்துக்குப் போகாத கல்யாணப் பதிவேடு

"அண்ணாச்சி, அதெல்லாம் 56-லயே திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போயிட்டாம்லா." தாத்தா பாட்டியின் கல்யாணத்துக்கு ஏதாவது எழுத்துச் சான்று கிடைக்குமா என்று நாகர்கோவிலில் விசாரிக்கிறவர் முதலில் கேட்பது இதைத்தான். சொல்கிறவர் கண்ணால் பார்த்ததில்லை, அவருக்குச் சொன்னவரும் பார்த்ததில்லை. இருந்தும் இதை நம்பித் திருவனந்தபுரம் பஸ் ஏறுகிறார்கள். கோட்டையில் இருக்கும் ஆவணக் காப்பகத்தில் வெறுங்கையோடு நின்றுவிட்டு, "மலையாளத்தான் மறைச்சு வச்சிருக்கான்" என்று ஒரு புதுக்கதையையும் சேர்த்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

பதிவேடு என்று ஒன்று இருந்தால்தானே கொண்டு போக முடியும்? மன்னர் காலத் திருவிதாங்கூரில் எல்லாச் சாதி மதத்தாரின் கல்யாணங்களையும் அரசே கட்டாயமாகப் பதிந்துவைக்கும் வழக்கம் கிடையாது. திருவனந்தபுரத்தில் இருப்பவை அரசின் கோப்புகளும் சுருணை ஓலைகளும். தலைநகரம் அது என்பதால் அவை அங்கேயே உருவாயின, அங்கேயே இருக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது மூட்டை கட்டி அனுப்பக் கல்யாணப் பதிவேடு எதுவும் இங்கே குவிந்து கிடக்கவில்லை.

சரி, இணைந்த பிறகாவது? 1955-ன் இந்துத் திருமணச் சட்டத்தில் பதிவுக்கு வழி உண்டு. ஆனால் பதியாததால் கல்யாணம் செல்லாமல் போகாது என்று அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவே சொல்லிவிட்டது. பிறகு யார் மெனக்கெட்டுப் போய்ப் பதிவார்கள்? சீமா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-ல் உத்தரவிட்ட பின்பே அரசுகள் அசைந்தன. தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் பதிவு கட்டாயமானது 2009 நவம்பர் 24 முதல்தான். 1938-ல் தேரூரில் வீட்டு முற்றத்துப் பந்தலில் தாலி கட்டியவரின் பெயரைச் சார்பதிவாளர் அலுவலகக் கணினியில் தேடச் சொல்லி ஊழியரிடம் மல்லுக்கு நிற்பதில் அர்த்தமில்லை.

"நாங்க கிறிஸ்தவங்க, எங்க கல்யாணத்துக்கு நகல் சென்னையில இருக்கும்" என்று நெஞ்சு நிமிர்த்துவோரும் உண்டு. திருநெல்வேலிக்காரர் சொன்னால் நியாயம். 1872-ன் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி அங்கே நகல் அனுப்பும் ஏற்பாடு உண்டு. அதே சட்டத்தின் முதல் பிரிவைப் படித்தால், 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த பகுதிகளுக்கு அது பொருந்தாது என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. ஆரல்வாய்மொழிக்கு மேற்கே தேடுகிறவர் சென்னையை மறந்துவிடலாம்.

அவர் போக வேண்டிய இடம் பங்கு அலுவலகம். மாப்பிள்ளை, பெண், பெற்றோர், சாட்சிகள் என்று பெயர்கள் வரிசையாக அங்கேதான் இருக்கும். கத்தோலிக்கக் கோவில்களில் ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தையும் பார்க்கத் தவறக் கூடாது. பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்கு எந்தக் கோவிலில், எப்போது கல்யாணம் ஆயிற்று என்று பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது கோவிலின் சொத்து, பொது ஆவணம் அல்ல. பங்குத்தந்தையிடம் அனுமதி கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சொத்து மாமனிடமிருந்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி வெள்ளாளர் குடும்பங்களின் கதையே வேறு. கவிமணி மான்மியம் பாடி நையாண்டி செய்த அந்த முறையில், கல்யாணத்துக்குச் சீட்டு இருக்காது. பிரிந்தால் எழுதிய ஒழிமுறி இருக்கக்கூடும். 1926-ன் நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் சட்டத்துக்குப் பின் குடும்பத் தலைவரான காரணவரிடமிருந்து பாகம் பிரித்துக்கொண்ட குடும்பங்களின் பத்திரங்கள் இன்னும் பெரிய புதையல். யார் யாருக்குப் பிள்ளை, எந்தத் தாய்வழி என்பது பங்கு கேட்கும் இடத்தில் தெளிவாக வந்துதானே ஆக வேண்டும்? பழைய வில்லங்கமும் பாகப்பத்திரமும் தேடாமல் கல்யாணப் பத்திரிகையைத் தேடி அலமாரியைக் கலைப்பது வீண்வேலை. அதற்கும் முந்தைய நாஞ்சில் நாட்டு வாழ்க்கையை அறிய, அ.கா. பெருமாள் பதிப்பித்த அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளைப் புரட்டலாம்.

பத்திரம் கையில் கிடைத்தாலும் ஆண்டுக் கணக்கில் கோட்டை விடுகிறவர்கள் அநேகம். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டினால் போதும் என்பது பாதி உண்மை. 1098 மாசி என்றால் 1923 சரி. 1098 கார்த்திகை என்றால் 1922. ஆவணியில் ஆண்டு பிறப்பதால், டிசம்பர் முடியும்வரை 824-தான் கூட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே தலைப்பிள்ளை பிறந்துவிட்டதாக வம்சாவளியில் எழுதி, சொந்தக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது இந்தக் கணக்கால்தான்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுசீந்திரம் கோயிலில் ஊரார் கல்யாணப் பட்டியல் இருக்கும் என்பது கற்பனை. லண்டனில் இருக்கும் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) காகிதங்கள் மிஷனரிகளின் கடிதங்களும் அறிக்கைகளும். மயிலாடிச் சபையார் ஒவ்வொருவரின் கல்யாணமும் அதில் இருக்காது. நிக்காஹ் விவரத்துக்கு ஜமாஅத்தைக் கேட்காமல் வக்கீலைக் கேட்பவரை என்ன சொல்ல?

கரையான் இதற்கெல்லாம் காத்திருக்காது. விழாவுக்குக் கோபுரம் முழுக்க சீரியல் பல்பு கட்டும் சபைகளும் பங்குகளும் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து வைக்கச் செலவழிக்கக் கூடாதா? இரண்டு இளைஞரும் ஒரு நல்ல கேமராவும் போதும். அதுவரை, தேடுகிறவர் புறப்படுமுன் பங்கின் பழைய கதையைக் கேட்டுக்கொள்ளட்டும். குழித்துறை மறைமாவட்டம் பிறந்தது 2014-ல். அதற்கு முன் அந்தப் பங்குகள் கோட்டாற்றின் கீழ், 1930-க்கு முன் கொல்லத்தின் கீழ். இன்று தனிப் பங்காக நிற்கும் கோவில், பாட்டியின் கல்யாணத்தின்போது பக்கத்து ஊரின் கிளையாக இருந்திருந்தால், பதிவேட்டைத் தாய்ப்பங்கில்தான் கேட்க வேண்டும்.