மருந்து ஊற்றாத ஆட்டுக்கும் கணக்கு வையுங்கள்

மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறி ஆட்டுப் பண்ணை இன்டர்வியூவுக்குப் போகிறீர்களா? "குடற்புழுவுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டால், "மூணு மாசத்துக்கு ஒரு தடவை எல்லா ஆட்டுக்கும் மருந்து" என்று சொல்லிவிடாதீர்கள். உங்களுக்கு முன்னால் போனவரும் அதையேதான் சொல்லியிருப்பார். எந்த ஆட்டுக்கு மருந்து வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் சூப்பர்வைசர் வேலை.

1. எதிரியின் பேரைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹீமாங்கஸ் என்பது இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் உருண்டைப்புழு. ஒரு பெண் புழு தினம் 5,000 முட்டைகள்கூட இடும். ஐப்பசி, கார்த்திகை மழை அதற்குக் கொண்டாட்டம். இந்தப் புழுவால் ரத்தம் இழந்து ஆட்டின் தாடை வீங்கியதை உங்களுக்கு முன்பே ஓனர் பார்த்துவிட்டால், உங்கள் பேர் கெட்டது.

2. கண்ணைப் பாருங்கள். ரத்தசோகையைக் கண்டுபிடிக்கத் தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா நிற அட்டையோடு கீழ் இமையின் உட்புற நிறத்தை ஒப்பிடுங்கள். 1, 2 என்றால் சிவப்பு, விட்டுவிடுங்கள். 4, 5 என்றால் வெளுப்பு, மருந்து கொடுங்கள். 3 என்றால் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் கொடுங்கள். விட்டுவைத்த ஆடுகளில் மருந்துக்கு அடங்கும் புழுக்கள் மிஞ்சும். எதிர்ப்புப் புழுக்கள் மட்டும் பெருகாமல் தடுப்பது அவைதான்.

3. தராசு இல்லாமல் டோஸ் போடாதீர்கள். குறைவாக ஊற்றினால் பிழைத்த புழு பழகிக்கொள்ளும். தயாபெண்டசோல் என்ற புழு மருந்து 1961இல் வந்தது. 1964இலேயே எதிர்ப்புப் புழு பதிவாகிவிட்டது.

4. ரிசல்ட்டைக் காட்டுங்கள். மருந்துக்கு முன்பும் 10-14 நாள் கழித்தும் புழுக்கையை லேபுக்கு அனுப்புங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதத்துக்குக் குறைவாகவே இறங்கியிருந்தால் மருந்து தோற்கிறது. கால்நடை மருத்துவரைக் கேட்டு மாற்றுங்கள். அல்பெண்டசோலை விட்டு ஃபென்பெண்டசோலுக்குப் போவது மாற்றமே இல்லை. இரண்டும் ஒரே குடும்பம்.

5. மேய்ச்சலில் கெட்டிக்காரத்தனம் காட்டுங்கள். பனி காய்ந்தபின் ஓட்டுங்கள். புல்லை ஒட்ட மேயவிடாதீர்கள். புழுவின் குஞ்சுகள் அடிப்புல்லில்தான் அதிகம். சிதம்பரம் பக்கம் வயல், வாய்க்கால் ஓரங்களில் நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும். அதற்கு மருந்து வேறு; மருத்துவரிடம் கேளுங்கள். சந்தையில் வாங்கிய ஆட்டை முதலில் தனிப் பட்டியில் கட்டுங்கள்.

6. நோட்டு போடுங்கள். ஆட்டு நம்பர், கண் ஸ்கோர், எடை, மருந்து, தேதி. மருந்து கொடுக்காத ஆட்டுக்கும் ஒரு வரி. போன வருஷ மருந்து பில்லையும் இந்த வருஷ பில்லையும் அதில் பின் பண்ணி ஓனரின் மேஜையில் வையுங்கள். இன்க்ரிமென்ட் பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.