வலி சொல்லாத கால்

அன்புத் தங்கைக்கு,

புதுச்சேரி ஜிப்மரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குப் பிசியோதெரபி கொடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாய் என்று உன் கடிதத்தில் படித்தேன். படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, சளியை வெளியேற்றும் மூச்சுப் பயிற்சி, வீல்சேருக்கு மாற்றுவது எல்லாவற்றையும் உன் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். நான் எழுத நினைப்பது காலின் ஆழ்சிரையில் உறையும் ரத்தக்கட்டியைப் பற்றி மட்டும். டாக்டர் ரவுண்ட்ஸில் அந்தக் காலைச் சில நிமிஷம் பார்ப்பார். நீயோ தினமும் அதைக் கையில் ஏந்தி மடக்கி நீட்டப் போகிறாய். முதலில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு உனக்குத்தான் அதிகம்.

உன்னிடம் வரப்போகிறவர்கள் யார் என்று நினைத்துப் பார். விழுப்புரம் பக்கம் பனையேறி விழுந்தவர், பண்ருட்டியில் பலாக்காய் வெட்டப் போய்க் கிளை முறிந்து விழுந்தவர், மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து சரிந்த கொத்தனார், இ.சி.ஆரில் பைக் சறுக்கிய கல்லூரிப் பையன். பெரும்பாலும் சம்பாதிக்கும் வயது. குடும்பம் முதல் நாள் கேட்பது ஒன்றுதான்: "மறுபடி நடப்பாரா?" அதற்குப் பதில் தெரிய மாதங்கள் ஆகும். அந்த மாதங்களை அவர் உயிரோடு கடக்க வேண்டும் என்பதே என் கவலை.

விர்ச்சோ என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் வழங்கும் மூன்று காரணங்களைப் படித்திருப்பாய்: ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது. மற்ற நோயாளிகளிடம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். முதுகுத்தண்டு அடிபட்டவரிடம் மூன்றும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தசை செயலிழந்ததும் அந்தத் தள்ளல் நின்றுவிடுகிறது. பட்ட அடியும் அதன்பின் நடக்கும் ஆபரேஷனும் ரத்தத்தை இன்னும் சுலபமாக உறைய வைக்கின்றன. ஆபத்து முதல் சில நாள்களிலேயே தொடங்குகிறது, முதல் வாரங்களில் மிக அதிகம், ஏறத்தாழ மூன்று மாதம் வரை நீடிக்கிறது. தடுப்பு மருந்து வழக்கத்துக்கு வராத காலத்தில் எல்லா நோயாளிகளையும் சோதித்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் கட்டி இருந்தது.

இந்தியர்களுக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கை நம் மருத்துவர்கள் பலரிடம் நெடுங்காலம் இருந்தது. இன்னும் யாராவது உன்னிடம் அப்படிச் சொல்லக்கூடும். மேல்நாட்டாரைவிட நம்மவர்களிடம் வீதம் குறைவாக இருக்கலாம். அதை நம்பி ஒரு காலைக்கூடப் பார்க்காமல் விடாதே.

இந்த நோயாளிகளிடம் உள்ள பெரிய சிக்கல், அவர்களில் பலரால் வலியைச் சொல்ல முடியாது என்பது. மற்றவருக்குச் சிரையில் ரத்தம் உறைந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து வலிக்கும், அவரே டாக்டரைத் தேடி ஓடுவார். உன் நோயாளிக்கு அந்த வலி மூளைக்குப் போய்ச்சேரும் வழியே அறுந்திருக்கிறது. தொடை வரை வீங்கியிருக்கும்போதும் "நல்லா இருக்கேன் மேடம்" என்பார், அது பொய்யும் இல்லை. பாதத்தை மேல்நோக்கி மடக்கி வலிக்கிறதா என்று கேட்கும் ஹோமன் சோதனையைக் கல்லூரியில் பழகியிருப்பாய். உணர்வுள்ளவர்களிடமே அதை நம்ப முடியாது, இவர்களிடம் அதற்குப் பொருளே இல்லை. விட்டுவிடு.

அதற்குப் பதிலாகச் சட்டைப் பையில் ஓர் இஞ்ச் டேப் வைத்துக்கொள். நோயாளி வந்த அன்றே இரண்டு காலையும் அளந்துவிடு. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எலும்பு மேடு ஒன்று தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே மார்க்கரால் கோடு போட்டுக் கெண்டைக்காலின் சுற்றளவை எடு. தொடையிலும் ஓர் இடத்தைக் குறித்துக்கொள். மறுநாளும் அதே கோட்டில், அதே நேரத்தில், அவரைப் படுக்க வைத்தே அள. இரு கெண்டைக்காலுக்கும் 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டர்கள் பயன்படுத்தும் வெல்ஸ் மதிப்பீட்டில் அதற்கு ஒரு புள்ளி. செயலிழந்த கால் என்பதற்கே அதில் இன்னொரு புள்ளி உண்டு. ஆனால் நீ 3 செ.மீ. வரும்வரை காத்திருக்காதே. நேற்று இல்லாத வீக்கம் இன்று ஒரு காலில் மட்டும் தெரிந்தால் அதுவே சொல்லப் போதும். இடது காலை இன்னும் கவனமாகப் பார். இடுப்புக்குள் வலப்பக்கத் தமனி இடப்பக்கச் சிரையின்மேல் குறுக்கே படுத்து அழுத்துவதால் இடது காலில்தான் கட்டி அதிகம் வருகிறது.

வீல்சேரில் வெகுநேரம் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் வீங்கும். இரவு காலை உயர்த்திப் படுத்தால் அது காலையில் வடிந்திருக்கும். ஒரு பக்க வீக்கம் விடிந்தும் வடியவில்லை என்றால்தான் கவலை. புறங்கையை இரண்டு காலிலும் வைத்துச் சூட்டை ஒப்பிட்டுப் பார். புத்தகத்தில் தோல் சிவக்கும் என்று போட்டிருப்பார்கள். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்புத் தெரிவது கடினம், தோலின் இறுக்கமும் பளபளப்பும்தான் கண்ணில் படும். காரணம் தெரியாத லேசான காய்ச்சல், திடீரென்று கூடும் தசை இறுக்கம், மார்பின் ஆறாம் நரம்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் தலைவலியோடும் வியர்வையோடும் எகிறும் ரத்த அழுத்தம், இவற்றுக்குப் பின்னாலும் காலில் ஒரு கட்டி இருக்கலாம். எலும்பு முறிவு, தசைக்குள் ரத்தக்கசிவு, தோலுக்கடியில் கிருமித்தொற்று, மூட்டைச் சுற்றிப் புது எலும்பு வளர்வது எல்லாம் இதே வேஷத்தில் வரும். எது என்று முடிவு செய்வது உன் வேலை இல்லை. டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்ல வேண்டியவரிடம் அதே மணி நேரத்தில் போய்ச் சொல்வது உன் வேலை.

அடுத்துச் சொல்வதை ஒவ்வொரு குடும்பத்திடமும் நீ பேச வேண்டும். அசையாத காலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார நம் வீட்டு மனுஷர்களால் முடியாது. தைலத்தைச் சூடுபண்ணி அம்மா உருவி விடுவார். வீங்கினால் ரத்தம் கட்டியிருக்கிறது என்று இன்னும் அழுத்தி உருவுவார்கள், ஒத்தடம் கொடுப்பார்கள், வைத்தியரை அழைத்து வருவார்கள். அத்தனையும் பாசம். ஆனால் ஆழ்சிரையில் கட்டி இருக்கும்போது அந்த உருவல் அதைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். உணர்வில்லாத தோலில் ஒத்தடம் கொப்புளமாகிவிடும். "தொடாதீங்க" என்று அதட்டாதே. அந்தக் கைகளுக்கு வேறு வேலை கொடு: டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல், குதிகாலிலும் பிட்டத்திலும் தோலின் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடு. பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் யாராவது இறுக்கமான காலுறை அனுப்பியிருந்தால், அளவு சரியா என்று பார்க்காமல் மாட்ட விடாதே. சுருண்டு மடிந்த காலுறையே உணர்வில்லாத காலில் புண் போடும்.

கட்டி என்று உறுதியானதும் அந்தக் காலுக்குப் பயிற்சியை நிறுத்திவிடு. மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாள் கழித்து, டாக்டர் சொன்ன பிறகு ஆரம்பி. கைப் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் நிற்க வேண்டாம்.

நுரையீரலுக்கு ஏறிய கட்டி உயிரை எடுக்கும். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் முதல் ஆண்டில் இறக்கும் முக்கியக் காரணங்களில் இது ஒன்று. "மூச்சு முட்டுது", "படபடன்னு வருது", "என்னமோ பண்ணுது" என்பார்கள். பக்கத்தில் இருப்பவர் வாயு என்று சோடா வாங்கப் போவார். கழுத்தில் அடிபட்டவருக்கு நெஞ்சுவலிகூடத் தெரியாமல் போகலாம். அவருடைய நாடித்துடிப்பு வழக்கமாகவே 50, 60 என்று குறைவாக இருக்கும். திடீரென்று 95 ஆனால் சார்ட்டில் அது இயல்பான எண்ணாகத்தான் தெரியும், அவருக்கு அது இயல்பில்லை. ஆகவே ஒவ்வொருவரின் வழக்கமான துடிப்பையும் ஆக்சிஜன் அளவையும் தெரிந்து வைத்துக்கொள். காரணமில்லாமல் ஆக்சிஜன் இறங்கினால் பயிற்சியை அங்கேயே நிறுத்தி டாக்டரைக் கூப்பிடு.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், வேலூர் சி.எம்.சி.யில் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையையே வளர்த்தெடுத்தார். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் அசைவிழந்த ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்று உன் வார்டில் கூரையைப் பார்த்துப் படுத்திருக்கும் பையனுக்கும் அவர்களைப் போல் வாழ ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன. தடுக்கக்கூடிய ஒன்றுக்கு அவனை மூன்றாவது வாரத்தில் பறிகொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்து எழுதுவது நீ இல்லை என்றாலும் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ரத்தக்கசிவு ஆபத்து இல்லையென்றால், அடிபட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பு ஊசி தொடங்க வேண்டும். பெரும்பாலும் எனாக்ஸாபரின், வயிற்றுத் தோலுக்கடியில். குறைந்தது எட்டு வாரம் தொடர வேண்டும் என்பது பரிந்துரை. கட்டியே வந்துவிட்டால் அளவைக் கூட்டி, பிறகு வார்ஃபரின், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற மாத்திரைக்கு மாற்றி, குறைந்தது மூன்று மாதம் கொடுப்பார்கள். ரத்தக்கசிவால் மருந்தே கொடுக்க முடியாதவருக்கு வயிற்றுப் பெருஞ்சிரையில் வடிகட்டி வைப்பதுண்டு. எனாக்ஸாபரின் பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் பொருளில் தயாராவது. நோயாளி கேட்டால் மறைக்காதே, டாக்டரிடம் பேச வை. ஃபாண்டபாரினக்ஸ் போன்ற செயற்கை மருந்தும் இருக்கிறது.

ஊசி தொடங்கியபின் சிறுநீர் சேரும் பையில் சிவப்பு, கறுத்த மலம், ஈறில் ரத்தம் இருக்கிறதா என்று பார். நேற்று அசைந்த விரல் இன்று அசையவில்லை, உணர்வின் மட்டம் மேலே ஏறியிருக்கிறது என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதே. தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசிந்து அழுத்தலாம். தசைகளைத் தினமும் சோதிக்கும் உனக்குத்தான் அது முதலில் தெரியும்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளை நினைத்தால் எனக்கு இன்னும் பதற்றம்தான். 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த இடத்தில் நீ வேலை பார்க்கிறாய். ஸ்கேனும் இரவு டாக்டரும் கூப்பிடு தூரத்தில். உன் நோயாளி திரும்பிப் போவது செஞ்சிக்கு அப்பால் ஒரு கிராமத்துக்காக இருக்கலாம். எட்டு வாரத்தில் எத்தனை வாரம் முடிந்தது, மீதி ஊசியை யார் போடுவார்கள், எங்கே வாங்குவார்கள், பணம் இருக்கிறதா என்று கேட்காமல் அனுப்பாதே. சீட்டில் ஊசி விட்டுப்போயிருந்தால் டாக்டரிடம் காட்டிக் கேள். மனைவியையோ அண்ணனையோ உன் எதிரிலேயே சிஸ்டரிடம் ஊசி போடப் பழகச் சொல். வார்ஃபரின் என்றால் முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டியதில்லை, ஒரு வாரம் நிறைய ஒரு வாரம் இல்லை என்று மாற்றாமல் ஒரே அளவாகச் சாப்பிட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையும் இடுப்பில் போடும் ஊசியும் கூடாது. நாட்டு மருந்து சாப்பிடுகிறாரா என்று கனிவாகக் கேள், திட்டினால் மறைப்பார்கள்.

கடைசியாக எடுத்த காலளவை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடு. கூடவே இதையும் எழுது: ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிட்டு, வந்தவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்: முதுகுத்தண்டு அடிபட்டவர், காலில் ரத்தம் உறைந்திருக்கலாம், ரத்தம் உறையாமலிருக்க இந்த மருந்து போடுகிறோம். மருந்தின் பெயரை அட்டையில் நீயே தமிழில் எழுதிவிடு.

அன்புடன்,
அக்கா