ஆங்கிலப் பாடம்: ‘பிஷர்’ மீனவரா, மிருகமா?



இந்த முறை ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் படிப்போம். ‘பிஷ்’ என்றால் மீன் என்பது லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதன் கடைசியில் ஈ, ஆர் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்தால் அந்த வேலையைச் செய்கிறவர் என்று அர்த்தம் வரும். கொழுந்து பறிக்கிறவர் பிளக்கர், படித்துக்கொடுக்கிறவர் டீச்சர், மீன் பிடிக்கிறவர் பிஷர். முன்பெல்லாம் ‘பிஷர்மேன்’ என்றுதான் அதிகம் எழுதினார்கள். ‘மேன்’ என்றால் ஆண். மீன்பிடித் தொழிலில் பெண்களும் பாடுபடுகிறார்களே, அதனால் இப்போது பல அறிக்கைகளில் ‘பிஷர்’ என்று பொதுவாகப் போடுகிறார்கள். நியாயமான மாற்றம்தான்.

இனி இந்த வசனத்தைப் பாருங்கள்: ‘த பிஷர் கிளைம்ப்ட் த ட்ரீ அண்ட் கில்ட் எ போர்க்கியுபைன்.’ அகராதியில் முதல் அர்த்தத்தை மட்டும் பார்த்த பிள்ளை, ‘மீனவர் மரத்தில் ஏறி முள்ளம்பன்றியைக் கொன்றார்’ என்று எழுதிவிடும். மீனவருக்கு மரத்தில் என்ன வேலை?

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளிலும் பிஷர் என்று ஒரு மிருகம் இருக்கிறது. கரும்பழுப்பு நிறம், நீண்ட உடம்பு, குட்டைக் கால், புசுபுசுவென்ற வால். ஆண் 3 முதல் 6 கிலோ வரை இருக்கும், பெண் அதைவிடச் சின்னது. பின்னங்காலைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மரத்திலிருந்து தலைகீழாக இறங்கும். முயல், அணில், பறவைதான் அதற்குச் சாப்பாடு. மீன் பிடிக்கிற பழக்கம் கிடையாது! ஐரோப்பாவில் ‘பிட்ச்’ என்று சொல்லப்பட்ட ஒரு மிருகத்தைப் போல இருந்ததால், அங்கே குடியேறியவர்கள் அந்தப் பெயரை வைக்க, அது ‘பிஷர்’ ஆகிவிட்டது என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள்.

அந்த ஊர் முள்ளம்பன்றி மரம் ஏறிப் பட்டையைத் தின்னும். முள் இல்லாத அதன் முகத்தைப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கடித்துத்தான் பிஷர் அதைக் கொல்லும். தோலுக்காக மனிதர்கள் பிஷரை வேட்டையாடினார்கள், காட்டையும் வெட்டினார்கள். பல இடங்களில் பிஷர் இல்லாமல் போனது. பிறகு முள்ளம்பன்றி பெருகி மரங்களைக் கெடுக்க, 1950, 60களில் மரத்தொழில் செய்தவர்களே பிஷரைக் கொண்டுவந்து விட வழி பார்த்தார்கள். வொஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் 2008 முதல் 2010 வரை 90 பிஷர்களை விட்டார்கள்.

சில ஊர்களில் இதை ‘பிஷர் கேட்’ என்பார்கள். அது பூனையுமில்லை, மீன் பிடிப்பதுமில்லை. ஆனால் ‘பிஷிங் கேட்’ என்பது வேறு. அது நம்ம நாட்டில், மலைநாட்டு ஆற்றோரங்களிலும் இருக்கிற மீன்பிடிப் பூனை. சிங்களத்தில் ஹந்துன் திவியா. அது உண்மையாகவே மீன் பிடிக்கும். (சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, பன்றிக்குக் கட்டுகிற கம்பிச் சுருக்கில் இதுவும் மாட்டும் என்பதை ஞாபகம் வையுங்கள்.)

இது பரீட்சைக்கு மட்டும் உள்ள விசயமில்லை. ‘டிஸ்சார்ஜ்’ என்ற சொல்லை எடுங்கள். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோசப்படுகிறோம். புண்ணைப் பற்றி எழுதிய துண்டில் அதே சொல் இருந்தால் சீழ் வடிகிறது என்று அர்த்தம், உடனே கவனிக்க வேண்டும். வேலை சம்பந்தமான கடிதத்தில் இருந்தால் வேலையை விட்டு நிறுத்துகிறார்கள் என்று அர்த்தம்! தெரிந்த சொல் ஒன்று கண்ணில் பட்டதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், அம்மா. எட்டாம் வகுப்புப் படிக்கிற மகளை உட்கார வைத்து, முழுக் கடிதத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அவளுக்கும் விளங்காவிட்டால் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, விளங்கியவர்களிடம் காட்டிய பிறகு கையெழுத்துப் போடலாம்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி. கீழே உள்ள வசனங்களில் பிஷர் யார்? எந்தச் சொல்லை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்?

1. த பிஷர் சோல்ட் ஹிஸ் நெட்.
2. த பிஷர் ஹேஸ் எ லோங் டெயில்.
3. த பிஷர் இஸ் ஹங்ரி.

மூன்றாவதற்கு அவசரப்பட்டுப் பதில் எழுத வேண்டாம். அதற்கு முன்னால் ஒரு வசனத்தை நீங்களே எழுதிச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.