பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கும் ஊர்

அன்புள்ள நண்பருக்கு,

"பள்ளிக்கூடத்தை ஊர்க்காரர்கள் கையில் கொடுத்தால் சாதியும் கட்சியும் உள்ளே வந்துவிடாதா?" என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். நியாயமான பயம். எனக்கும் அது உண்டு.

உங்கள் ஊர்ப் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று இருக்கும். அந்தப் பெயருக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. பள்ளியை நடத்தியது ஒன்றியம். ஆசிரியர் ஒன்றியத்தின் ஊழியர். சேர்மனுக்குப் பிடிக்காவிட்டால் எந்த மூலைக்குத் தூக்கியடிப்பார்களோ என்று வாத்தியார்கள் அஞ்சிய காலம் அது. 1981-இல் அவர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அது நல்ல முடிவு. சம்பளமும் நியமனமும் பாடத்திட்டமும் மாநிலத்திடமே இருக்கட்டும். வசதியுள்ள ஊருக்கு ஐந்து ஆசிரியர், இல்லாத ஊருக்கு ஒருவர் என்ற நிலை வந்துவிடக் கூடாது.

ஆனால் வாத்தியாரோடு பள்ளிக்கூடமும் ஊரை விட்டுப் போய்விட்டதே, அதுதான் என் வருத்தம். காமராசர் ஆட்சியில், 1956-இல் மதிய உணவு தொடங்கியபோது ஊரார் தந்த அரிசியும் பருப்பும் அதில் இருந்தன. நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறையை நடத்திய நாட்களில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், நிலமும் கொடுத்தார்கள். அரசும் ஊரும் சேர்ந்து இழுத்த தேர் அது. இன்று ஓடு உடைந்தால்கூட 'கவர்ன்மென்ட் பார்த்துக்கும்' என்று நகர்ந்து போகிறோம்.

மாநிலமும் இதே போன்ற இழப்பைச் சந்தித்தது. 1976-இல் அரசியலமைப்பின் 42-ஆவது திருத்தம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 2024-25-இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தபோது அதன் வலி தெரிந்தது. நம் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்பது டெல்லிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். அதே கேள்வியை உசிலம்பட்டிப் பக்கத்துத் தாய் ஒருத்தி சென்னையைப் பார்த்துக் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

உங்கள் பயத்துக்குச் சட்டத்திலேயே ஒரு மருந்து உண்டு. கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 21: பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் அளவுக்கேற்ற இடம். ஊர்ப் பெரியதனம் செய்பவர்கள் எளிதில் மடக்கிவிட முடியாத அமைப்பு இது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது அதன் வேலை. ஆனால் பல ஊர்களில் தீர்மான நோட்டு மட்டும் கையெழுத்துக்காக வீடு தேடி வருகிறது.

கழிப்பறை, குடிநீர், பழுதுபார்ப்பு, இவற்றுக்கான பணமும் முடிவும் இந்தக் குழுவிடம் வரட்டும். கணக்கைக் கிராம சபையில் வாசிக்கட்டும். எவரும் தனியாகச் சுருட்ட முடியாதபடி ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த குழுக் கூட்டத்துக்குப் போங்கள். நோட்டில் கையெழுத்துப் போடும் முன், எழுதியிருப்பதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததைக் கேட்டு எந்தத் தாயாவது ஒரு கேள்வி கேட்டால், அதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்